பெருநாள் பலகாரமும் பனங்கருப்பட்டியும்: நம் அடுப்பங்கரையில் காக்க வேண்டியவை

 

தை பிறந்தால் தமிழ்நாட்டு வயல்களில் சம்பா அறுவடை. புது நெல் வீட்டுக்கு வருகிறது. புது அரிசியில் வெல்லம் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். அதே வாரத்தில் மராட்டியத்தில் எள்ளையும் வெல்லத்தையும் சேர்த்து உருண்டை பிடிக்கிறார்கள். வங்காளத்தில் ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சிய வெல்லத்தோடு அரிசி மாவும் தேங்காயும் சேர்த்துப் 'பிட்டா' செய்கிறார்கள். அங்கே இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் குளிர்காலத்தில் அதைச் சுடுகின்றன. அஸ்ஸாமில் எள் வைத்த பிட்டா. பஞ்சாபில் வேர்க்கடலையும் வெல்லமும். ஊர் மாறினாலும் முறை ஒன்றுதான். அந்த மாதத்தில் அந்த மண் எதைக் கொடுத்ததோ, அதுவே அந்த மாதத்து இனிப்பு.

நம் பெருநாள்கள் அப்படி ஒரே மாதத்தில் நிற்பவை அல்ல. பிறை ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாட்கள். ஆகவே நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னே வருகின்றன. சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி முடிக்கின்றன. 2025-ல் நம் நாட்டில் நோன்புப் பெருநாள் மார்ச் 31-ல் வந்தது. இந்தக் கணக்கில் போனால் 2032-ல் அது ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி வரும். பிறையைப் பொறுத்து ஓரிரு நாள் மாறலாம். ஒரு தலைமுறை அறுவடைக் காலத்தில் கொண்டாடும் பெருநாளை, அடுத்த தலைமுறை ஆடிக் காற்றிலோ ஐப்பசி மழையிலோ கொண்டாடும்.

அப்படியானால் பெருநாள் எந்தப் பருவத்தில் வந்தாலும் ஒரே வட்டலப்பம், ஒரே தொதல், ஒரே இடியாப்பம் எப்படி நம் வீடுகளில் செய்யப்பட்டன? அறுவடைக் காலத்திலேயே பொருளை வாங்கிப் பக்குவமாகச் சேமித்து வைத்தார்கள் என்பதுதான் பதில். பதநீர்க் காலத்தில் வாங்கிய கருப்பட்டி, இடித்துச் சலித்து வறுத்து வைத்த அரிசி மாவு, ஆண்டு முழுதும் காய்க்கும் தேங்காய் ஆகிய மூன்றும் இருந்தால் பெருநாள் என்று வந்தாலும் பலகாரத்துக்குக் குறைவில்லை.

இன்று சீனி எந்தக் கடையிலும், எந்த நாளிலும், எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கிறது. பெருநாளுக்கென்று காத்திருந்த இனிப்பு அன்றாடப் பழக்கமாகிவிட்டது. பெருநாள் பலகாரமோ கடையிலிருந்து பெட்டியில் வருகிறது. இதில் நாம் இழப்பது ருசி மட்டுமல்ல. உடல் நலம், கைப்பக்குவம், பனையை நம்பி வாழும் குடும்பங்களின் பிழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து போகின்றன. அவற்றை எப்படிக் காப்பது என்று பார்ப்போம்.

பதநீர் கருப்பட்டியாவது எப்படி?

தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் பனை அதிகம். மாசி, பங்குனியில் பாளை வெளிவரத் தொடங்கும். பனையேறும் தொழிலாளி அந்தப் பாளையைக் கடிப்பு என்னும் கருவியால் நசுக்கிப் பதப்படுத்துவார். பிறகு நாள்தோறும் நுனியை மெல்லியதாகச் சீவி விடுவார். சீவிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாறு வடியும். அதைப் பிடிக்கப் பாளையில் கலயம் கட்டுவார்கள். ஆண் பனையிலும் பெண் பனையிலும் சாறு வடியும். காலையும் மாலையும் ஏறினால்தான் சாறு நிற்காமல் வரும். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து சாறு குறைந்துவிடும். சித்திரை, வைகாசி வெயில் எவ்வளவு அடித்தாலும் அவருக்கு விடுப்பு இல்லை.

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். இது முக்கியமான செய்தி. சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காது, அது பதநீர். சுண்ணாம்பு இல்லாமல் விட்டால் சில மணி நேரத்தில் புளித்துப் போதை தரும் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே சாறு. ஒன்று நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இனிப்பு, மற்றொன்று நம் மார்க்கம் விலக்கியது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சுண்ணாம்புப் பூச்சும் அதைத் தவறாமல் தடவும் தொழிலாளியின் நேர்மையும்தான்.

இறக்கிய பதநீரை வடிகட்டி, விடிலி எனப்படும் ஓலைக் கொட்டகையில் பெரிய பாத்திரத்தில் காய்ச்சுவார்கள். இந்தக் காய்ச்சும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பதநீரில் பெரும்பகுதி நீர்தான். இனிப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதனால் ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் தேவை. பல மணி நேரம் கிளறி, பாகு இறுகும் பதம் பார்த்து, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். கருப்பட்டி அரைவட்டமாக இருப்பது இதனால்தான். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றிருப்பதை அறிந்திருப்பீர்கள்.

எட்டு, பத்து லிட்டர் பதநீர், இரண்டு வேளை மரம் ஏறும் உழைப்பு, மணிக்கணக்கில் எரியும் விறகு ஆகிய இத்தனையும் சேர்ந்து ஒரு கிலோ கருப்பட்டி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் மிகக் குறைந்த விலைக்கு ஒருவர் கருப்பட்டி நீட்டினால், அது என்ன என்று புரிந்துகொள்ள இது உதவும்.

அரிசி: புதிது எதற்கு, பழையது எதற்கு?

புது அரிசி வெந்தால் குழையும், ஒட்டும். பொங்கலுக்கு அந்தக் குழைவுதான் வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் கிடந்த பழைய அரிசி அதிகத் தண்ணீர் இழுக்கும். பருக்கை பருக்கையாக நிற்கும். பிரியாணிக்குச் சீரகச் சம்பாவைப் பழையதாகத் தேடி வாங்குவது இதனால்தான். இடியாப்ப மாவுக்கும் பழைய பச்சரிசியே நல்லது. புது அரிசி மாவில் பிழிந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மாவைச் சேமிக்கும் முறை எளிது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி ஈரம் பாதியாகும்போது இடித்தோ அரைத்தோ சலிக்க வேண்டும். பிறகு அடிகனமான சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். மாவைக் கையில் எடுத்துக் கோலம் போடுவதுபோல் விட்டால் தடையில்லாமல் இழை விழ வேண்டும். அதுதான் பதம். ஈரம் போன மாவு கெடாது. நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டியாகிவிடும்.

தேங்காய்ப்பாலின் வரிசை

ஒரு தேங்காயைத் துருவி முதலில் மிகக் குறைந்த நீர் விட்டுப் பிழிவது தலைப்பால். அதே துருவலில் மீண்டும் நீர் விட்டுப் பிழிவது இரண்டாம் பால், பிறகு மூன்றாம் பால். தலைப்பாலில் எண்ணெய்ச் சத்து அதிகம். அதைத் தனியாகக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அதனால் கஞ்சியோ பாயசமோ ஆணமோ எதுவானாலும், மூன்றாம் பாலில் வேகவைத்து, இரண்டாம் பாலில் சேர்த்து, தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி இறக்குவார்கள். தொதலுக்கு மட்டும் இந்த விதி மாறும். அதில் பால் திரிந்து எண்ணெய் வெளியே வருவதுதான் நமக்கு வேண்டியது.

மூன்று பலகாரங்கள்

1. வட்டலப்பம்

ஊருக்கு ஊர் வட்டலப்பம், வட்டிலாப்பம் என்று பெயர் சற்று மாறும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களிலும், இலங்கை முஸ்லிம்களிடமும் பெருநாள் என்றால் இதுதான். இலங்கையில் கித்துள் மரத்துக் கருப்பட்டியில் செய்வார்கள், நமக்குப் பனங்கருப்பட்டி. அந்தந்த மண்ணின் மரமே அந்தந்த வட்டலப்பத்தின் ருசி.

தேவையானவை: முட்டை 6, கருப்பட்டி 250 கிராம், தலைப்பால் 300 மில்லி, ஏலக்காய் 5, முந்திரி 15, ஒரு சிட்டிகை உப்பு.

கருப்பட்டியைத் தட்டி, அரை டம்ளருக்கும் குறைவான நீரில் கரைத்துச் சூடாக்கி வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மணலும் ஓலைத் தூசும் இருப்பது இயல்பு; வடிகட்டாமல் விடக்கூடாது. பாகு முழுவதும் ஆற வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை அங்கேயே வெந்து திப்பியாகிவிடும். முட்டையை நுரை பொங்காமல் கலக்கி, பாகு, தேங்காய்ப்பால், உப்பு, பொடித்த ஏலக்காய் சேர்த்து மீண்டும் ஒருமுறை வடிகட்டுங்கள். பாத்திரத்தில் ஊற்றி முந்திரியைத் தூவி, ஆவிநீர் உள்ளே சொட்டாதபடி இறுக்கமாக மூடி, சிறு தீயில் முப்பது முதல் நாற்பது நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். கத்தி நுனியை நடுவில் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். தீ அதிகமானால் ஓட்டை ஓட்டையாகி நீர் விட்டுவிடும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பண்டம் என்பதால் நெடுநேரம் வெளியில் வைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

2. தொதல்

கீழக்கரைத் தொதல் பெயர் பெற்றது. இதே வகைப் பலகாரம் 'தோதோல்' என்ற பெயரில் இலங்கை, மலேசியா, இந்தோனேசியா எங்கும் உண்டு. கடல்வழிப் பழக்கம் உள்ள ஊர்களின் அடுப்புகளும் ஒன்றுக்கொன்று உறவு என்பதற்கு இது ஒரு சாட்சி.

தேவையானவை: பச்சரிசி மாவு 250 கிராம், கருப்பட்டி 500 கிராம், மூன்று பெரிய தேங்காயின் பால், முந்திரி ஒரு கைப்பிடி, ஏலக்காய், சிறிது உப்பு.

மாவை இரண்டாம் பாலில் கட்டியில்லாமல் கரையுங்கள். கருப்பட்டிப் பாகை வடிகட்டிச் சேருங்கள். அடிகனமான உருளியில் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். கெட்டியாகி வரும்போது தலைப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் பிரிந்து, கலவை உருளியில் ஒட்டாமல் திரண்டு வரும். மேலே நிற்கும் எண்ணெயை வடித்துவிட்டு, முந்திரியும் ஏலமும் சேர்த்துத் தட்டில் கொட்டிச் சமப்படுத்தி, மறுநாள் துண்டு போடலாம். நீர் வற்றிவிடுவதால் சில நாட்கள் கெடாமல் இருக்கும். ஒருவர் கை இந்த வேலைக்குப் போதாது. அதனால்தான் தொதல் கிளறும் நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். கைமாற்றிக் கைமாற்றிக் கிளறுவார்கள். பக்குவம் சின்னப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

3. ஓலைக் கொழுக்கட்டை

நெல்லை, குமரிப் பக்கத்தில் கார்த்திகை மாதத்தில் இந்துச் சகோதரர்கள் வீடுகளில் செய்வது. பனையின் ஓலையும் பனையின் கருப்பட்டியும் ஒரே பண்டத்தில் சேர்வது இதன் சிறப்பு. எண்ணெய் இல்லை, முட்டை இல்லை. செய்வதும் எளிது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்பதால் இங்கே தருகிறோம்.

தேவையானவை: வறுத்த பச்சரிசி மாவு 2 கப், கருப்பட்டி 200 கிராம், தேங்காய்த் துருவல் 1 கப், சுக்குத் தூள் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்.

கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, சூடாக மாவில் ஊற்றி, மற்றவற்றையும் சேர்த்துப் பிசையுங்கள். குருத்தோலையைக் கழுவித் துண்டுகளாக நறுக்கி, அந்த மடிப்புக்குள் மாவை வைத்து நாரால் கட்டி, இருபது நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஓலையின் மணம் மாவில் இறங்கும். ஓலை கிடைக்காத ஊரில் வாழை இலையில் செய்யலாம்; மணம் மாறும், அவ்வளவுதான்.

கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு மருந்தா?

இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் பலர், "சீனிதான் கெடுதல், கருப்பட்டி போட்டுக் குடித்தால் சுகர் ஏறாது" என்று நம்புகிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். இரும்பு முதலிய தாதுக்கள் கொஞ்சம் இருக்கின்றன. சீனியில் அதுவும் இல்லை. அந்த வகையில் கருப்பட்டி மேல். ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை எதற்கும் விலக்கு இல்லை. சர்க்கரை நோயாளி கருப்பட்டிக் காப்பிக்கு மாறிவிட்டுக் கவலையற்று இருப்பது ஆபத்து. மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் தெருவில் எத்தனை வீட்டில் இன்சுலின் ஊசி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

அப்படியானால் பெருநாள் பலகாரத்தையே விட்டுவிட வேண்டுமா? அதுவும் இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனம், உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. கருப்பட்டியும் வெல்லமும் இந்தக் கணக்கில் சேரும். மேலே சொன்ன வட்டலப்பத்தை எட்டுப் பேர் பங்கிட்டால் ஒருவருக்கு ஏறக்குறைய 27 கிராம் சர்க்கரை.

இப்போது டீயைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 4 கிராம். ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி. நாளுக்கு நான்கு டீ. மொத்தம் 32 கிராம். அதாவது பெருநாளில் சாப்பிடும் ஒரு பங்கு வட்டலப்பத்தில் உள்ளதைவிட அதிகமான சர்க்கரையை நாம் தினமும் டீயிலேயே குடிக்கிறோம். வருடத்துக்கு ஒருவருக்கு 11 கிலோவுக்கு மேல். ஐந்து பேர் உள்ள வீட்டில் 58 கிலோ. பிஸ்கட், குளிர்பானம், கடை மிட்டாய் எதுவும் இதில் சேரவில்லை.

ஆகவே குற்றவாளி வருடத்தில் இரண்டு நாள் வரும் வட்டலப்பம் அல்ல. கணக்கில்லாமல் வந்து போகும் அன்றாடச் சீனி. நம் முன்னோர்களின் வீட்டில் இனிப்புக்கு நாள் இருந்தது, அளவும் இருந்தது. அந்த ஒழுங்கை மீட்டால் போதும்.

செய்யக்கூடியவை:

• டீயில் சீனியை வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

• இனிப்பை வெறும் வயிற்றில் உண்ணாமல் சாப்பாட்டுக்குப் பின் சிறு துண்டாக உண்ணுங்கள். இடியாப்பமும் அரிசிதான் என்பதை மறக்க வேண்டாம். வட்டலப்பம் உண்ணும் வேளையில் இடியாப்பத்தைக் குறையுங்கள்.

• வட்டலப்பத்தை எட்டுக்குப் பதில் பன்னிரண்டு பங்காக்குங்கள். ஒருவருக்குச் சுமார் 18 கிராம்தான் வரும். ருசி குறையாது.

• வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், பெருநாளுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு அளவைத் தீர்மானியுங்கள். "பெருநாளாச்சே, ஒருநாள்தானே" என்று ஒவ்வொரு வீட்டிலும் வற்புறுத்தி ஊட்டுவது அன்பு அல்ல.

நல்ல கருப்பட்டி வாங்குவதும் வைப்பதும்

கருப்பட்டியில் சீனிப் பாகும் கழிவுப் பாகும் கலப்பது நடக்கிறது. வீட்டில் செய்யும் எந்தச் சோதனையும் முழு உறுதி தராது. ஆனாலும் சில அடையாளங்கள் உதவும். நல்ல கருப்பட்டியில் பதநீரின் மணமும், இனிப்போடு மெல்லிய கரிப்பும் இருக்கும். கலப்படம் நாக்கில் வெறும் சீனியாகத் தித்திக்கும். எல்லாக் கட்டியும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே நிறமாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பதநீர்க் கணக்குக்கு ஒத்துவராத மலிவு விலை எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கை. சந்தேகம் வலுத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

வாங்கும் காலம் பங்குனி முதல் ஆனி வரை. இந்த மாதங்களில் புதுக் கருப்பட்டி வரும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, தெரிந்த பனைத் தொழிலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ நேராக வாங்கினால் இருவருக்கும் நன்மை. முன்பு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள்; புகையும் சூடும் ஈரத்தை விரட்டும். இன்று எரிவாயு அடுப்பு. எனவே காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வெயில் காட்டுங்கள். ஈரக் கையால் எடுக்காதீர்கள். கசிந்து புளித்த வாடை அடித்தால் பயன்படுத்தாதீர்கள்.

பனையேறியும் நாமும்

ஒரு பனை பாளை விட இருபது ஆண்டுகள்வரைகூட ஆகலாம். வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். செங்கல் சூளைக்கும் வீட்டுமனைக்கும் எத்தனையோ மரங்கள் போய்விட்டன. 2021-ல் தாக்கலான தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்றும், 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நல்லது. ஆனால் மரம் ஏறுகிறவரின் மகன் மரம் ஏற மாட்டேன் என்கிறான். ஆபத்தும் அதிகம், கூலியும் நிச்சயமில்லை. நியாயமான விலைக்கு வாங்குகிறவர்கள் இருந்தால்தான் மரமும் நிற்கும், தொழிலும் நிற்கும். கருப்பட்டிக்குப் பேரம் பேசுமுன் அந்தப் பத்து லிட்டர் பதநீரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நம் பெண்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. கைப்பக்குவம் உள்ள எத்தனையோ சகோதரிகள், குறிப்பாகக் குடும்பச் சுமையைத் தனியாகச் சுமப்பவர்கள், நம் ஊரில் இருக்கிறார்கள். பெருநாளுக்கும் திருமணங்களுக்கும் பலகாரத்தை வெளியூரிலிருந்து தருவிக்கும் நாம், அவர்களிடமே சொல்லிச் செய்யலாம். விற்பனைக்குச் செய்கிறவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு பெறுவது அவசியம். சிறு தொழிலுக்கான பதிவை இணையத்திலேயே செய்யலாம். பொதியில் செய்த தேதி, சேர்த்த பொருட்கள், எத்தனை நாள் இருக்கும் என்பவற்றை எழுதுங்கள். முட்டை, முந்திரி ஒவ்வாதவர்களுக்கு அது பெரிய உதவி.

முடிவாக

அறுவடை என்பது உண்பதற்கு மட்டும் அல்ல. நிஸாப் அளவை எட்டிய விளைச்சலில், மழையில் விளைந்தால் பத்தில் ஒரு பங்கும், இறைத்துப் பாய்ச்சியதானால் இருபதில் ஒரு பங்கும் ஏழைகளுக்கு உரியது என்பது நாம் அறிந்ததே. பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ராவாக அரிசியை அளந்து கொடுத்துவிட்டுத்தான் நாம் உண்ண அமர்கிறோம். அந்த ஒழுங்கு பலகாரத்துக்கும் வேண்டும். ஏழை வீட்டுக்கு ஒரு பங்கு, பக்கத்து வீட்டுக்கு ஒரு பங்கு. அது எந்த மதத்தவர் வீடானாலும் சரி.

இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் வீட்டு உம்மும்மாவோ வாப்பும்மாவோ நன்னியோ இருந்தால், அவர்கள் செய்யும் ஒரு பலகாரத்தை அருகில் இருந்து பார்த்து எழுதி வையுங்கள். "கண் அளவு, கை அளவு" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் அள்ளிப் போடுமுன் தராசில் வைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். மாவின் நிறம், பாகின் பதம், எப்போது தீயைக் குறைத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். ஒரே பெயர் கொண்ட பலகாரம் ஊருக்கு ஊர் வேறு.

2032-ல், இன்ஷா அல்லாஹ், பொங்கலும் நோன்புப் பெருநாளும் ஒட்டி வரும்போது, பக்கத்து வீட்டிலிருந்து புது அரிசியின் மணம் வரும். நம் வீட்டிலிருந்து அங்கே அனுப்பும் கிண்ணத்தில் நாமே செய்த வட்டலப்பம் இருக்குமா என்பது, இன்றைக்கு நம் பிள்ளைகள் யாரிடம் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.